மூன்று முறை எழுந்தால்தான்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் நலமா? அண்ணனின் குறட்டை நலமா?

இங்கே ஒரு சாவு. பதற வேண்டாம், கணினிதான். உப்புக்காற்று உள்ளே புகுந்து புகுந்து, சென்ற மாதம் வேலையின் நடுவில் புகைந்து அணைந்தது. தீவில் இருக்கும் மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தோம். நிலையத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். (அவருக்கு நான் வைத்த பெயர் உப்பு. ஒரு வாய் சாப்பிட்டால் காரணம் தெரியும்.)

எங்கள் நிலையத்துக்கு ஒரே வேலை. கடலில் கிடக்கும் மிதவை அலையின் உயரத்தைச் சொல்லும். கணினி அதைத் தலைமையகத்துக்கு அனுப்பும். எதிர்க்கரைப் படகுகள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கடலில் இறங்கும். இப்போது நான் இரும்பு ஏணியில் நின்று கண்ணால் அளந்து வானொலியில் வாசிக்கிறேன். கண் பொய் சொல்கிறது. மழையில் கண்ணே இல்லை.

மாற்றாக, ஒரே தகட்டில் முழுக் கணினியாக ஒரு பச்சைப் போர்டு வந்திருக்கிறது. உள்ளங்கை அகலம். ஏலத்தில் மலிவாகக் கிடைத்ததாம். செய்த கம்பெனி மூடியாயிற்று. வழக்கமான கணினியின் சிப் இல்லை இதில், வேறு இனம். கூட வந்த தாளில் சொன்னபடி என் லேப்டாப்பிலிருந்து (அதில் மிதவையின் குரலைப் பிடிக்க வழியில்லை) மெமரி கார்டில் எல்லாவற்றையும் ஏற்றிச் செருகினேன். திரை கறுப்பு. ஒரு சிவப்பு விளக்கு. அவ்வளவுதான்.

ஜூன் கடைசியில் ஆய்வாளர் வருகிறார். அதற்குள் இயந்திரம் தானாக எண் அனுப்பாவிட்டால் நிலையத்தை மூடி எங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கொந்தளிப்புக் காலம் முழுவதும் ஓர் அலையையும் தவறவிடாத பதிவு இந்தக் கடலுக்கு இதுவரை இல்லை. நான் இங்கே வந்ததே அதற்காக. உங்களுக்குத் தெரியும்.

இணையம் கிடையாது. வானொலியில் எண் தவிர வேறு பேசக் கூடாது. படகு வரும்போது போகும் இந்தத் தாள் ஒன்றுதான். இப்படிப்பட்ட போர்டுகளை எழுப்பியே பிழைப்பவர் நீங்கள். எழுப்பித் தாருங்கள்.

சிவப்பு விளக்கைப் பார்த்தபடி,
வால்


பிப்ரவரி 21

வாலே,

இங்கே எல்லோரும் சௌக்கியம். குறட்டை வளர்ந்து ஆளாகிவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, உப்போடாவது?

உன் கடிதத்தைப் பாதி படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இந்த மாதிரி ஒரு வேலைக்காக ஒரு வருஷமாகக் கை அரித்துக்கொண்டிருந்தது!

கேள். மின்சாரம் பாயும் கணத்தில் அந்தச் சிப்புக்கு ஒன்றுமே தெரியாது. திரை தெரியாது, கடல் தெரியாது, உன்னைத் தெரியாது. ஒரே ஓர் இடத்தைத் தொட்டுப் பார்க்க மட்டும் தெரியும். அங்கே உட்கார்ந்திருக்கும் சின்ன நிரல்தான் பூட்லோடர். அது முதலில் எழுந்து மற்ற எல்லோரையும் எழுப்ப வேண்டும். வழக்கமான கணினிகள் அந்த இடம் எது என்று தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன. உன்னுடைய இனத்தில் ஊருக்கு ஒரு வழக்கு, வீட்டுக்கு ஒரு வாசல்.

திரையை மற. போர்டின் ஓரத்தில் மூன்று ஊசிகள் தனியாக நிற்கும். இதோடு வைத்திருக்கும் கேபிளை அவற்றில் மாட்டு, மறுமுனை உன் லேப்டாப்பில். திரை விழிப்பதற்கு வெகு முன்னாலேயே அது அந்த வழியாக முணுமுணுக்கும். காது கொடு.

பழைய சாமான் கடையில் இதே போர்டு இன்னொன்று கிடைத்தது. நீ அங்கே செய்வதை நான் இங்கே செய்து பார்ப்பேன். சாப்பாட்டு மேசையில் அதைப் பார்த்துவிட்டு உன் அண்ணன், "இது வெந்துடுச்சா, இன்னும் வேகணுமா?" என்றார்.

எங்கள் தொழிலில் இரண்டு சட்டங்கள். முதல் சட்டம்: என்ன தெரிகிறதோ அதை எழுது, என்ன நினைக்கிறாயோ அதை எழுதாதே. இரண்டாவதை நேரம் வரும்போது சொல்கிறேன்.

இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் படிகள் அதிகம். வேறொன்றுமில்லை.

காதைத் தீட்டிக்கொள்,
அண்ணி


மார்ச் 9

அண்ணி! குப்பை! குப்பை வந்தது!

நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். மேலே இடமில்லை. மேலேயே விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சத்தமும் இல்லை. ஊசிகளை மறுபடி பார்த்தேன். போர்டின் வாயை என் லேப்டாப்பின் வாயோடு மாட்டியிருந்தேன். வாய் காதோடு அல்லவா சேர வேண்டும். மாற்றி மாட்டினேன். பிளக்கைச் செருகினேன்.

லேப்டாப்பில் எழுத்துகள். எந்த மொழியும் இல்லை. கேள்விக்குறி, கொக்கி, பாதி முகம் மாதிரி ஒன்று. பத்து வரி ஓடி நின்றது. எல்லாவற்றையும் கையால் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் சட்டம். தெரிந்ததை எழுதினேன்.

உப்பு எட்டிப் பார்த்தார். "யாரையோ திட்டுற மாதிரி இருக்கே."

தலைவர் கதவருகில் நின்றே கேட்டார். "என்னம்மா, வாயத் தொறந்துச்சா?"

"தொறந்துச்சு சார். என்ன சொல்லுதுன்னுதான் புரியல."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். போகப் போகப் பழகிடும்."

இவ்வளவு நாள் அது செத்த பொருள் என்று நினைத்திருந்தேன். அதனிடம் சொல்ல ஏதோ இருந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லாமல் ஒரு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

துள்ளியபடி,
வால்


மார்ச் 30

வாலே,

நலம். நீ நலமாகத்தான் இருப்பாய், உன் எழுத்தே குதிக்கிறது. பதில் தாமதம். வேலை.

உன் குப்பையைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இதைவிட அழகான ஓவியம் இந்த வீட்டில் இல்லை. குப்பை என்றால் உயிர் இருக்கிறது. ஊமை என்றால்தான் பயப்பட வேண்டும்.

அது பேசுவது சரியாகத்தான் பேசுகிறது. நீ மெதுவாகக் கேட்கிறாய். இந்த இனம் வழக்கத்தைவிடப் பதிமூன்று மடங்கு வேகமாகப் பேசும். லேப்டாப்பில் வேகத்தை நொடிக்குப் பதினைந்து லட்சம் பிட் என்று வை. என் போர்டில் செய்து பார்த்தேன். கொக்கிகள் எல்லாம் கழன்று சொற்களாகி உட்கார்ந்தன. உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கைதட்டினார், எதற்கென்று தெரியாமல். நல்ல மனுஷன்.

சொற்கள் வந்ததும் ஒன்று விடாமல் எழுது.

அவசரத்தில்,
அண்ணி


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம்தானே? இங்கே நலம், காற்றுதான் அதிகம்.

பேசிவிட்டது! தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கடற்கரை வரை ஓடித் திரும்பினேன். தலைவர் தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு வந்தார்.

அது சொன்னது முழுவதும் தனித்தாளில். எனக்குப் புரிந்த வரை: போர்டோடு ஒட்டிய உள்சிப்பில் பழைய பூட்லோடர் ஒன்று இருக்கிறது. யாரோ பாதி எழுதி விட்டுவிட்டார்கள். போர்டு முதலில் அங்கேதான் போகிறது. நம்பி இறங்குகிறது. பாதியில் தரை இல்லை. அங்கேயே நின்றுவிடுகிறது. என் மெமரி கார்டு வரை அது வந்ததே இல்லை. நான் இரண்டு மாதமாக வராத விருந்தாளிக்கு இலை போட்டிருந்தேன்.

இன்னொன்று. சென்ற கடிதத்தில் உங்கள் வரிகள் சரிந்திருக்கின்றன. இடப்பக்கம் தாழ்ந்து தாளின் ஓரத்தில் ஏறுகின்றன. நீங்கள் கோடு போடாத தாளிலும் நேராக எழுதுபவர். படுத்துக்கொண்டு எழுதினால் இப்படி வரும். நானும் படுத்து எழுதிப் பார்த்தேன். அதுவும் இடப்பக்கமாக ஒருக்களித்தால்தான்.

முதல் சட்டப்படி தெரிந்ததை எழுதினேன். நினைத்ததை எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
வால்


மே 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். உன் நலம் எப்படி?

இதை எழுதுவது நான், சொல்வது அவள். கமா போடு என்கிறாள், போட்டுவிட்டேன், இங்கேயும் ஒன்று போட்டேன்.

அவள் சொல்கிறாள்: உள்சிப்பை ஒரு கணம் கண்கட்ட வேண்டும். அதன் காலடியில் இரண்டு வெள்ளிப் புள்ளிகள் இருக்கும், படம் போட்டிருக்கிறேன் (படம் நான் போட்டது, மன்னித்துக்கொள்). மின்சாரம் பாயும் அதே நேரத்தில் அந்த இரண்டு புள்ளிகளையும் உலோகத்தால் சேர்த்துத் தொட வேண்டும். போர்டு உள்சிப்பைத் தேடும், காணாது. அப்போது அது கைகட்டி நின்று, யாராவது ஏதாவது சொல்லுங்கள் என்று காத்திருக்கும். உடனே கையை எடுத்துவிட்டு லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாகப் புதிய பூட்லோடரை அனுப்ப வேண்டும். அது இத்துடன் வரும் கார்டில் இருக்கிறது. தொடுவதற்கு இடுக்கி வைத்திருக்கிறோம். அவள் புருவம் திருத்துகிற இடுக்கி. திரும்ப வேண்டுமாம்.

தனியாகச் செய்யாதே, மூன்று கை வேண்டும் என்கிறாள்.

இனி என் பங்கு. அவள் நன்றாக இருக்கிறாள். இங்கே டீதான் வாயில் வைக்க முடியவில்லை. சுவரெல்லாம் பச்சை. போர்டையும் கொண்டுவரச் சொன்னாள், பெரிய டாக்டர் வரும்போது தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறாள். வேறு எதுவும் எழுதக் கூடாது என்று உத்தரவு. பேனா நர்சம்மாவுடையது, திருப்பிக் கேட்கிறார்கள்.

அன்புடன்,
அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணி, அண்ணன், பேனா கொடுத்த நர்சம்மா, எல்லோருக்கும்,

நலமா, நலமா, நலமா?

எழுந்துவிட்டது!!

மூன்று கைக்கு உப்பைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஷாக் அடிக்குமாம்மா?"

"அடிக்காது. இந்த ரெண்டு புள்ளிய இடுக்கியால அழுத்திப் பிடிங்க. நான் சொன்னதும் எடுத்துடணும்."

"கொதிக்கிற சட்டிய வெறுங்கையால எறக்கினவன் நான். இந்தக் கடுகுக்கா பயப்படுவேன்?" என்றார். இடுக்கியை இரண்டு தடவை துடைத்தார். கடுகைவிடச் சின்னப் புள்ளி.

முதல் தடவை வழுக்கியது. அடுத்த தடவை நான் பிளக்கைச் செருகத் தாமதித்தேன். அதற்கடுத்து இருவரும் மூச்சைப் பிடித்தோம். செருகினேன். "எடுங்க!" எடுத்தார். போர்டு கைகட்டி நின்றது, அண்ணன் சொன்ன மாதிரியே. அனுப்பினேன். வரிகள் ஓடின, ஓடின, நிற்கவே இல்லை. நின்ற இடத்தில் திரை விழித்தது. மிதவையின் குரல் வந்தது. அலை உயரம் ஒன்று புள்ளி நான்கு.

ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். மறுபடியும் எழுந்தது.

உப்பு இடுக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார். தலைவர் நேராக வானொலிக்குப் போய், எண்களுக்கு நடுவில், "இயந்திரம் வேலை செய்கிறது" என்று தலைமையகத்துக்கே சொல்லிவிட்டார். ஒரு வாக்கியம்! அவர் சட்டத்தை மீறி நான் பார்த்ததில்லை.

மே 21

உறையை ஒட்டுவதற்கு முன்.

காலையில் ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்ற மின்சாரத்தை நிறுத்தினார்கள். திரும்பப் போட்டபோது சிவப்பு விளக்கு. கறுப்புத் திரை. நேற்று ஒன்றும் நடக்கவே இல்லை என்பது போல.

தலைவர் வானொலிக்குப் போனார். "வேலை செய்யவில்லை" என்று தலைமையகத்துக்குத் தானே திரும்பச் சொன்னார். அந்தக் குரல். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

படகுக்காரர் கூப்பிடுகிறார்.
வால்


ஜூன் 1

வாலே,

வீட்டுக்கு வந்துவிட்டேன். நலம். எழுத்து நேராக இருக்கிறதா பார், தாளுக்கடியில் உன் அண்ணன் பலகை பிடித்திருக்கிறார்.

அழுதிருப்பாய். அழாதே. சிரி. நான் சிரித்தேன். அது எழுந்தது பொய்யில்லை. நீ அனுப்பியது தற்காலிக நினைவகத்தில் போய் உட்கார்ந்தது. கரும்பலகையில் எழுதியது மாதிரி. ரீஸ்டார்ட் செய்தால் மின்சாரம் நிற்பதில்லை, அதனால் எழுத்து அழியவில்லை. மின்சாரம் நின்றதும் அழிந்தது. உள்சிப்பில் நிலையாக எழுதும் கட்டளை தனி. அதையும் சொன்னேன். உன் அண்ணன் கமா போடும் மும்முரத்தில் விட்டுவிட்டார். பக்கத்தில்தான் இருக்கிறார், காது சிவந்திருக்கிறது.

உப்பை மறுபடி கூப்பிடு. அதே கண்கட்டு, அதே அனுப்பல். எழுந்ததும், இந்தத் தாளின் மறுபக்கத்தில் இருக்கும் கட்டளையால் உள்சிப்பில் எழுது. அறுபத்து நான்காம் கட்டத்திலிருந்து. தொடக்கத்திலிருந்து எழுதாதே. இந்தச் சிப் அந்தக் கதவை மட்டும்தான் தட்டும், பக்கத்து வீட்டில் நீ எவ்வளவு சமைத்து வைத்தாலும் திரும்பிப் பார்க்காது.

இப்போது இரண்டாம் சட்டம். ரீஸ்டார்ட் கணக்கில் சேராது. பிளக்கைப் பிடுங்கு. விளக்கு அணைந்து போர்டு குளிரட்டும். செருகு. எழுந்தால் ஒன்று. அப்படி மூன்று முறை எழுந்தால்தான் எழுந்தது. அதுவரை யாரிடமும் சொல்லாதே. கேட்டால் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதை மீறியவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இனிப்புப் பெட்டியோடு திரும்பி நடந்திருக்கிறார்கள்.

நானும்தான்.

அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்! உங்கள் எழுத்து நேராக இருந்தது. பலகை பிடித்த கைக்கு நன்றி.

எழுதினேன். அறுபத்து நான்காம் கட்டம். பிளக்கைப் பிடுங்கினேன். குளிரவிட்டேன். செருகினேன்.

எழுந்தது.

"எழுந்துச்சாம்மா?"

"பார்க்கலாம் சார்."

மறுநாள் இரண்டாவது முறை. எழுந்தது. உப்பு என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மூன்றாவதை என்னால் செய்ய முடியவில்லை, அண்ணி. பிளக்கில் கை வைப்பேன், எடுத்துவிடுவேன். இரண்டு வரை வந்ததைக் கலைக்க எந்தக் கைக்கு மனம் வரும்.

அதற்குள் கப்பல் வந்துவிட்டது. சொன்ன நாளுக்கு முன்னாலேயே. ஆய்வாளர் ஈரச் செருப்போடு உள்ளே வந்தார், மேசையைப் பார்த்தார், திரையில் ஓடும் எண்களைப் பார்க்கவில்லை. கையில் போன் சார்ஜர்.

"இங்க ப்ளக் பாயின்ட் ஒண்ணுதானா?" என்று கேட்டுக்கொண்டே போர்டின் பிளக்கைப் பிடுங்கித் தன் சார்ஜரைச் செருகிவிட்டார்.

மூவரும் அணைந்த திரையைப் பார்த்தபடி நின்றோம்.

"என்ன, எல்லாரும் எழவு வீடு மாதிரி நிக்கிறீங்க?"

"சார்," என்றார் எங்கள் தலைவர், மிக மெதுவாக, "அத எடுத்துட்டு இத மறுபடி மாட்டிடுங்க சார். நீங்களே மாட்டுங்க. உங்க கை ராசியான கைன்னு சொல்றாங்க."

யாரும் சொல்லவில்லை. ஆனால் ஆய்வாளர் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மாட்டினார். சிவப்பு விளக்கு. அது மட்டும், கொஞ்ச நேரம். உப்பு கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வரிகள். வரிகள். திரை. ஒன்று புள்ளி ஆறு.

"இப்ப சொல்லலாமாம்மா?"

"இப்ப சொல்லலாம் சார்!"

உப்பு என்னைத் தூக்கிவிட்டார். நிலையம் இருக்கும், அண்ணி. கொந்தளிப்புக் காலம் முழுவதும். ஓர் அலை விடாமல்.

இதற்கு முன் இரண்டு முறை நீங்கள் என்னிடம் நல்ல சேதி சொன்னீர்கள். முதல் முறை நான் ஒரு பக்கம் நிறையப் பெயர்கள் எழுதி அனுப்பினேன். இரண்டாம் முறை சின்னக் காலுறை பின்னத் தொடங்கினேன். ஒன்று முடிந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த உங்கள் கடிதங்களில் வானிலை மட்டும் இருந்தது.

உங்கள் இரண்டாம் சட்டம் எனக்குப் புரிகிறது. நான் எதுவும் கேட்கவில்லை.

இடுக்கி இத்துடன்.
வால்


ஜூலை 4

என் வாலே,

இடுக்கி வந்தது. புருவம் திருத்தும் நிலையில் இல்லை, ஆனாலும் முத்தமிட்டு வைத்தேன். உன் தலைவருக்கு என் வணக்கம். "ராசியான கை"யைப் படித்துவிட்டு உன் அண்ணன் புரையேறி இருமினார்.

இதுதான் கடைசிப் படகு என்கிறார்கள். இனி கடல் அடங்கும் வரை தபால் இல்லை. நல்லது. என்னாலும் எழுத முடியாது.

கேட்காமல் இருக்க உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து நீ கேட்காமல் விட்ட விஷயம் இது ஒன்றுதான் என்று உன் அண்ணன் சொல்கிறார்.

என் போர்டு தலையணைப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு வேலை ஒன்றும் கொடுக்கவில்லை. விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பார்க்கலாம்.

அண்ணி


செப்டம்பர் 17

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதம் எப்போது போகுமோ தெரியாது. ஜன்னலுக்கு வெளியே கடல் இல்லை, வெள்ளையாக ஏதோ நிற்கிறது. நாங்கள் மூவரும் நலம். போர்டு நலம். மின்சாரம் எத்தனை முறை போனாலும் எழுந்துவிடுகிறது. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

உங்கள் நலத்தை இன்று காலை அறிந்தேன்.

காலை வானொலி. இயந்திரம் அனுப்பிய எண்ணை நான் வாசிக்க, தலைமையகத்து அம்மா சரிபார்ப்பார். அவரை நான் பார்த்ததில்லை. குரல் மட்டும்.

"மூணு புள்ளி எட்டு. எங்ககிட்டயும் மூணு புள்ளி எட்டு. சரி." வழக்கமாக இத்தோடு முடியும். இன்று முடியவில்லை. ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது. அவருடையது இல்லை.

"இன்னொண்ணு இருக்கும்மா. எண்தான், அதனால வாசிக்கலாம். இங்க ஒருத்தர் ரயில் புடிச்சு வந்து என் மேசை முன்னாடி நிக்கிறார். சட்டைய உள்பக்கம் வெளிய தெரியுற மாதிரி போட்டிருக்கார். அழறாரா சிரிக்கிறாரான்னு தெரியல. என்ன விஷயம்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறார். தங்கச்சிகிட்ட ஒரே ஒரு எண்ண மட்டும் வாசிச்சுடுங்கங்கிறார். எழுதிக்கிறியா?"

"எழுதிக்கிறேன்."

"மூணு."

வாங்கிய எண்ணைத் திருப்பி வாசிக்க வேண்டும். அது நடைமுறை. நான் எழுதிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திருப்பி வாசிம்மா."

"மூணு," என்றேன்.

"சரி," என்றார் அவர். பிறகு, எண் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்தார். "நல்லாருக்கட்டும்."

நான் கத்தியதில் தலைவர் மறுபடியும் வாளியோடு ஓடி வந்தார். உப்பு கரண்டியோடு.

"என்னம்மா? போர்டு போச்சா?"

"இல்ல சார். எழுந்துச்சு. மூணாவது தடவை. எழுந்துச்சு!"

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

இந்தத் தீவில் சொல்வதற்கு இரண்டே பேர்தான். இரண்டு பேரிடமும் பல முறை சொல்லிவிட்டேன். இன்று சாப்பாட்டில் உப்பே இல்லை. மறந்துவிட்டாராம்.

பெண்ணா பையனா தெரியாது. எடை தெரியாது. யார் மூக்கு என்று தெரியாது. தெரிந்தது ஓர் எண். அதைத்தான் எழுத முடியும்.

படகு வருவதற்குள் இன்னொரு காலுறை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
அத்தை